கவரின் பின்பக்கம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீயும் பையனும் நலமா? போன் போட்டால் "ம்", "சரிப்பா", "அப்புறம் பேசறேன்" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாரே என்று யோசிக்காதே. பகலில் வீடு பூட்டிக் கிடக்கும், ஸ்பீடு போஸ்ட் திரும்பிப் போய்விடும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். இங்கே கம்ப்யூட்டரில் பிரவுசரை மாற்றிவிட்டேன். நீயும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கா ஒரு கடிதம் என்று சிரிக்காமல் முழுவதும் படி.

ஆற்றுத் திருவிழாவில் பையனுக்குச் சுருளிக்கிழங்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறினீர்களே, அதற்கடுத்த காலை நான் வழக்கம்போலப் பேப்பர் படிக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு என்ன விளம்பரம் வரும் என்று உனக்கே தெரியும். மூட்டுவலித் தைலம், காது மெஷின், இல்லாவிட்டால் காசி யாத்திரை. அன்றைக்கு வந்தது கோயம்புத்தூர். வடவள்ளியில் ஒரு பெட்ரூம் வீடு, வாடகைக்கு. கொஞ்சம் கீழே இறங்கினால் மறுபடியும் கோயம்புத்தூர். ஆறாம் வகுப்புச் சேர்க்கை. நாலு நாள் விடாமல் வந்தது. கண்ணாடி தேடி வந்த அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்குங்க கோயம்புத்தூர்ல வீடு?" என்றாள். "தப்பா வருது" என்று சொல்லி மூடிவிட்டேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. மாப்பிள்ளைக்குப் பொங்கலுக்கும் லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஹிஸ்டரியைத் திறந்தேன். பென்ஷன் பக்கத்தைத் தேடித்தான் திறந்தேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். இல்லை, பார்க்கத்தான் திறந்தேன். நீ இருந்த நாட்கள் அத்தனையும் காலி. நான் படித்ததும் சேர்ந்தே போயிருந்தது. துடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். சின்ன வயதிலேயே அடுக்களை மேடையைத் துடைக்காமல் தூங்கப் போகமாட்டாய்.

துடைத்த பிறகும் எப்படி வருகிறது? இம்பீரியல் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தம்பியிடம் கேட்டேன். என்ன விளம்பரம் என்று சொல்லவில்லை, தைலம் என்று சொன்னேன். "ஹிஸ்டரி நம்ம வீட்டு நோட்டு சார், குக்கி அவங்க கொடுத்த டோக்கன்" என்றான். பாடலீஸ்வரர் கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அந்த மாதிரி. டோக்கன் நம் பையில் இருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பது அவன் நோட்டில் இருக்கும். டோக்கன் தப்பில்லை, அது இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு கேட்கும். சங்கடம் என்னவென்றால், ஒரே டோக்கன்காரன் கோயில், மளிகைக்கடை, ஆஸ்பத்திரி, பேப்பர்க்கடை எல்லா வாசலிலும் உட்கார்ந்திருக்கிறான். நீ வீடு பார்த்த இடத்தில் கொடுத்த டோக்கனை நான் பேப்பர் படிக்கிற வாசலில் பார்த்து, அந்த ஆள்தான் என்று நினைத்துக் கூவுகிறான். அவனுக்கு அப்பனும் மகளும் ஒரே ஆள்.

இன்காக்னிட்டோவில் தேடினால் போதும் என்று நீயும் நினைத்திருப்பாய். அந்தக் கறுப்பு ஜன்னல் மறைப்பது வீட்டில் அடுத்து உட்காருகிறவரிடமிருந்துதான். வெளியே இருக்கிறவர்களுக்கு அல்ல. இதை வைத்து அமெரிக்காவில் 2020இல் கூகுள் மேல் வழக்கே போட்டார்கள். 2024இல் சமரசமாகி, சேர்த்து வைத்திருந்த தகவல்களை அழிக்க ஒப்புக்கொண்டார்கள். எங்கள் தபால் பாஷையில் சொன்னால், https என்கிற பூட்டு இல்லாத பழைய தளம் போஸ்ட் கார்டு, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பூட்டுப் போட்ட தளம் ஒட்டிய கவர். உள்ளே இருப்பது தெரியாது, ஆனால் யாருக்குப் போகிறது என்பது போஸ்ட்மேனுக்கு, அதாவது இன்டர்நெட் கம்பெனிக்கு, தெரிந்துதான் ஆகவேண்டும். இன்காக்னிட்டோவும் அந்த போஸ்ட்மேன் கண்ணைக் கட்டாது.

ஆனாலும் வீட்டில் தேடும்போது அதிலேயே தேடு. அதைவிட முக்கியம், வீட்டு லேப்டாப்பில் தேடாதே. ஒரே கணக்கில் இரண்டு பேரும் உள்ளே போயிருந்தால், நீ போனில் தேடியது லேப்டாப்பில் தெரியும். சிங்க் என்று ஒன்று இருக்கிறது, அதை அணைத்து வை. மேலே வலது மூலையில் யார் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்.

பிரவுசருக்கு வருகிறேன். அந்தத் தம்பி முதலில் பிரேவ் போட்டுக்கொடுத்தான். நல்ல வேகம், ஒரு விளம்பரம் இல்லை. பிரெண்டன் ஐக் என்பவர் ஆரம்பித்த கம்பெனி. 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் எழுதியவர். உள்ளே ஓடுகிற எஞ்சின் குரோமுடையதுதான், கதவும் ஜன்னலும்தான் வேறு. ஆனால் திறந்தவுடன் ஏதோ நாணயம், ரிவார்டு என்று கேட்டது. அணைக்கலாம், அணைத்தேன். அப்புறம் ஒரு விஷயம் தெரியவந்தது. 2020இல் சில கிரிப்டோ தளங்களின் விலாசத்தைத் தட்டினால் அதன் வாலில் தங்கள் கமிஷன் குறியீட்டைத் தானாக ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் அடுத்தவர் எழுதிய விலாசத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுவது என்றால் எனக்கு ஒப்பவில்லை.

டார் என்கிற பிரவுசரைப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த யோசனை. கவருக்குள் கவர், அதற்குள் ஒரு கவர் என்று மூன்று கை மாறிப் போகும். எந்தக் கைக்கும் அனுப்பியவரும் பெறுபவரும் சேர்ந்தாற்போலத் தெரியாது. தபால் பிரித்துப் போட்ட ஒரு பழைய சார்ட்டருக்கு அதைப் பார்த்துக் கண் கலங்காத குறைதான். ஆனால் பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது, பேங்க் உள்ளேயே விடவில்லை. தினசரிக்கு ஆகாது.

கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ். 2004இலிருந்து இருக்கிறது, சொந்த எஞ்சின், தமிழிலேயே மெனு வருகிறது. 2022இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியாகவே வைக்கிறது. தபால் பிரிக்கிற சார்ட்டிங் கேஸில் ஊருக்கு ஓர் அறை இருக்குமே, விருத்தாசலம் கட்டு பண்ருட்டி அறைக்குள் போகாது, அப்படி. அதோடு யூபிளாக் ஆரிஜின் என்று ஒரு துணைக்கருவி போட்டான். அதுதான் விளம்பரத்தை வாசலிலேயே நிறுத்துகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் போடலாம். குறையும் சொல்லவேண்டும். மொசில்லாவுக்கு வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை முதல் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுப்பதுதான். நான் அதை டக்டக்கோ என்று மாற்றிவிட்டேன். தமிழில் தேடினால் கொஞ்சம் தடுமாறுகிறது, பரவாயில்லை. 'கண்டிப்பான' என்கிற பாதுகாப்பை வைத்தால் ஒன்றிரண்டு தளம் முரண்டு பிடிக்கும்; விலாசத்துக்கு இடப்பக்கம் கேடயம் மாதிரி இருப்பதைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் தளர்த்தலாம். மூடும்போதெல்லாம் குக்கி அழிகிற மாதிரியும் வைத்தேன். அதற்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், தினமும் சீரியலுக்குப் பாஸ்வேர்டு போடவேண்டியிருக்கிறதாம்.

உன்னிடம் இருப்பது ஆப்பிள் போன். நம் ஊரில் அதில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே சஃபாரியின் எஞ்சின்தான் ஓடும். ஆகையால் அதில் சஃபாரியே போதும். ஸ்கூல் கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்க்காதே. வீட்டு லேப்டாப்பில் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சொல்லிவிட்டேனோ?

எனக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நீ. எம்.ஃபில். கணிதத்தில் யூனிவர்சிட்டி ரேங்க் வாங்கியவள், இன்றைக்கு ஏழாம் வகுப்புக்கு லசாகு, மீபெகா போட்டுக்கொண்டிருக்கிறாய். சொன்னால் உனக்குக் கோபம் வரும். ஆனால் ஒரு வார்த்தை, "அப்பா, இப்படி நினைக்கிறேன்" என்று என்னிடம் சொல்லக் கூடாதா? விளம்பரக்காரனுக்குத் தெரிந்த பிறகா எனக்குத் தெரியவேண்டும்?

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றேன். சொல்லாததற்குக் காரணம் நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

முப்பத்தாறு வருட சர்வீசில் என் கை வழியாகப் போன ஒரு கவரின் ஓரம் கிழிந்ததில்லை என்று அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னேன். அது பொய். ஒரு கவர் கிழிந்தது.

கோயம்புத்தூர் காலேஜ் லெட்டர் 'தானே' புயலால் தாமதமாகிவிட்டது என்றேன் இல்லையா? புயல் அடித்தது 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலை. லெட்டர் வந்தது 24ஆம் தேதி, சனிக்கிழமை. காலை பை பிரித்தபோது நானே பார்த்தேன். காக்கிக் கவர், காலேஜ் பெயர் அச்சடித்தது, உன் பெயர் டைப் அடித்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் டீ கெட்டில் ஆவியில் காட்டினேன். ஒரு மூலை மட்டும் கிழிந்தது. ஜனவரி 2ஆம் தேதி, திங்கட்கிழமை, பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. ஆபீஸ் கோந்தையே தடவி ஒட்டி, மேஜை டிராயரில் மணியார்டர் பாரங்களுக்கு அடியில் வைத்தேன்.

தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்த சமயம். நீ கோயம்புத்தூர் போனால் வேலை கிடைத்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவாய். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் புயல் வந்தது. வேப்பமரம் விழுந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில் ஒருநாள் சாயங்காலம் அந்தக் கவரை உன் கையில் கொடுத்தேன். சிம்னி விளக்கில் படித்துவிட்டு, "புயல்தானேப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாய். எனக்குச் சமாதானம் வேறு சொன்னாய்.

அஞ்சல் ஊழியர் ஒரு கடிதத்தைப் பிரித்தாலோ நிறுத்தி வைத்தாலோ இரண்டு வருடம் வரை சிறை என்று 1898ஆம் வருடச் சட்டத்தில் இருந்தது. புதிதாகச் சேருகிற பையன்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். பேப்பரில் படித்துவிட்டு நம் திண்ணையில் எவ்வளவு பேசினேன்! நீ அப்போது இங்கேதான் இருந்தாய், பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை நீ. முத்திரையைப் பார்த்திருப்பாயோ என்று அன்றிலிருந்து ஒரு சந்தேகம்.

கம்ப்யூட்டரில் உனக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டு நீ வந்து போட்டுக்கொள், எனக்குச் சொல்லவேண்டாம். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, இரண்டு விஷயத்தையும்தான்.

அந்தக் கவரை நீ கசக்கிக் கூடையில் போட்டாய். எடுத்து, நீவி, எல்.ஐ.சி. பத்திரங்களோடு வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். பின்பக்கம் திருப்பிப் பார், நம் ஆபீஸ் முத்திரை, தேதி தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் நிறையக் கேட்பார்கள். பென்ஷன் அரியர்ஸ் வந்ததை நான் இன்னும் தொடவில்லை.