கதை விட்டவன் நீதானே!

அன்புள்ள நண்பா,

இத்தனை வருஷம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகப் பயமாக இருக்கிறது, கேள்வி கேட்டதும் எல்லாம் மறந்துவிடும் என்று எழுதியிருந்தாய். விடுதி மொட்டை மாடியில் விடிய விடியக் கதை விட்டவன் பேசுகிற பேச்சா இது?

போன மாதம் என்னையும் தேர்வுக் குழுவில் உட்கார வைத்தார்கள். ஒரே நாளில் ஒன்பது பேர். சாயங்காலம் குறிப்பைப் புரட்டினால் பாதிப் பேருக்கு நேராக ஒரே சொற்கள்: கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவார். முகம்கூட நினைவில்லை. ஒரு பெண் மட்டும் மனதில் நின்றாள். நெருக்கடியைச் சமாளித்த அனுபவம் கேட்டோம். மாதக் கடைசி இரவில் சம்பளப் பட்டியலை இரண்டு தடவை வங்கிக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னாள். தவறு அவளுடையதுதான். மேலாளரை எழுப்புவதா, சத்தமில்லாமல் தானே சரிசெய்வதா என்று பத்து நிமிடம் தவித்தாளாம். அந்த இடத்தில் நாங்கள் மூவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். எழுப்பினாள், விடிவதற்குள் நிறுத்தினார்கள். சாதனையை மட்டும் சொல்லியிருந்தால் அவளும் ஒன்பதில் ஒன்றுதான்.

மறதிப் பயத்துக்கும் இப்படிக் கதையாகச் சொல்வதே மருந்து. 1969இல் பவர், கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் பத்துப் பத்துச் சொற்களாகப் பன்னிரண்டு பட்டியல் கொடுத்தார்கள். சொற்களைக் கதையாகக் கோத்துக்கொண்டவர்கள் கடைசியில் 93 சதவீதம் திருப்பிச் சொன்னார்கள். மற்றவர்கள் 13. அதனால் பதிலை வரிவரியாக உருப்போடாதே. நடந்ததை நடந்த வரிசையில் பிடித்துக்கொள், போதும்.

சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்று நாலு படியாக 'ஸ்டார்' முறை சொல்லித் தருவார்கள். சரிதான், ஆனால் பலர் சூழலிலேயே மூன்று நிமிடத்தைத் தின்றுவிடுகிறார்கள். செய்தது என்ற படிதான் உயிர். உனக்கு அங்கேதான் சிக்கல்: எதைக் கேட்டாலும் 'நாங்கள் செய்தோம்' என்பாய். அடக்கம் நல்லதுதான், ஆனால் வேலைக்கு எடுக்கப்போவது உன் ஒருவனை!

அப்புறம், கம்ப்யூட்டர் சர்வர் படுத்த அன்று வாடிக்கையாளரிடம் நீயே போய் உண்மையைச் சொன்னாயே, அதை இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். குறுக்குக் கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

உன்,
பழைய அறைத்தோழன்