விமானச் சீட்டு எடுக்க முதல் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

சில வாரங்களாக உங்கள் ஞாயிறு இதழில் 'இந்தியாவில் 40 நாட்கள், 3 சர்வதேசச் சான்றிதழ்கள், தங்குமிடம் இலவசம்' என்ற தோரணையில் முகவர்களின் கணினிப் பயிற்சி விளம்பரங்கள் வருகின்றன. நான் கொழும்பில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் வலையமைப்புப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நேர்முகத்தில் கேள்வி கேட்பவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியாவுக்குப் போய்ப் படிப்பதில் பிழை இல்லை. ஹைதராபாத்தில் அமீர்பேட்டை, மைத்ரிவனம் பக்கம் இறங்கினால் கட்டடம் முழுக்கப் பயிற்சி நிலையப் பலகைகள்தான். டெமோ வகுப்பில் சும்மா இருந்து பார்த்து, படிப்பிப்பவரைப் பிடித்தால் மட்டும் காசு கட்டலாம். பாடத்தின் நடுவே தெலுங்கு புகுந்துவிடும் என்பதால் நம் பிள்ளைகளுக்குச் சென்னைதான் சுகம். யாழ்ப்பாணம் பலாலியிலிருந்தே விமானமும் இருக்கிறது.

ஆனால் அங்கே மலிவாகக் கிடைப்பது பயிற்சி மட்டும்தான். பரீட்சைக் கட்டணம் டொலரில். வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படைச் சான்றிதழான சி.சி.என்.ஏ.க்கு 300 டொலர், அமேசானின் மேகக் கணிமைச் சான்றிதழான சொல்யூஷன்ஸ் ஆர்கிடெக்ட் அசோசியேட்டுக்கு 150 டொலர். இரண்டையும் கடல் தாண்டாமலே எழுதலாம், வீட்டு மேசையில் கமராவுக்கு முன் இருந்துகூட. (கதவைத் திறந்துகொண்டு அம்மா தேத்தண்ணீரோடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.) கட்டாயம் நேரில் போக வேண்டியது சிஸ்கோவின் உயர்நிலைச் சான்றிதழான சி.சி.ஐ.ஈ.யின் ஆய்வுகூடப் பரீட்சை போன்ற சிலவற்றுக்குத்தான். அது 8 மணி நேரம். நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் நடக்கிறது. அந்த அளவுக்குப் போனவர்களுக்கு முகவர் தேவைப்படாது.

அண்மையில் வடமராட்சியிலிருந்து ஒரு தம்பி நேர்முகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையில் மூன்று சான்றிதழ்கள், மூன்றிலும் தங்க நிற முத்திரை. "உங்கட சிஸ்கோ ஐடி என்ன?" என்று கேட்டேன். விழித்தார். 'சி.எஸ்.சி.ஓ.' என்று தொடங்கும் அந்த இலக்கம் இல்லாமல் சிஸ்கோ பரீட்சையே எழுத முடியாது. "எல்லாம் அவையள்தான் பாத்தவை, அக்கா" என்றார். சான்றிதழ்களைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றும் அந்தப் பயிற்சி நிலையமே அடித்துக் கொடுத்தவை. முகவருக்குக் கட்டிய காசில் பரீட்சைக் கட்டணம் சேரவே இல்லை. இதற்காக அம்மாவின் காப்பு அடகில் இருக்கிறது.

சரி, வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதே என்று 'ஸ்லாஷ் 27' என்று குறிக்கப்படும் அளவுள்ள சிறு வலையமைப்பில் எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம் என்று கேட்டேன். பேனை எடுக்காமலே "முப்பது" என்று சரியாகச் சொன்னார். வலையமைப்பில் தரவு போகும் பாதையைத் தீர்மானிக்கும் ஓ.எஸ்.பி.எஃப். முறை பற்றிக் கேட்டதற்கும் தடுமாறவில்லை. ஆக, அங்கே யாரோ ஒழுங்காகத்தான் படிப்பித்திருக்கிறார்கள். ஆனால் சி.சி.என்.ஏ. கட்டாயம் என்று நாங்கள் அறிவித்திருந்ததால் ஆளணிப் பிரிவு அவரைத் தட்டிக் கழித்துவிட்டது. பயிலுநராகவாவது எடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

விசா விஷயத்தையும் முகவர்கள் சொல்வதில்லை. இந்தியச் சுற்றுலா விசாவில் யோகா, மொழி, இசை போன்ற சிறு வகுப்புகளுக்குப் போகலாம். சான்றிதழ் தரும் முறையான கற்கைநெறிக்கு அது செல்லாது. 'கேட்டால் உறவினரைப் பார்க்க வந்தேன் என்று சொல்' என்று முகவர் சொல்லிக்கொடுத்தால், மாட்டிக்கொள்வது அவர் அல்ல.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வெளிநாட்டினருக்குப் பயிற்சி தர இந்திய அரசு 1964 முதல் நடத்தும் 'ஐடெக்' திட்டத்தில் விமானச் சீட்டு, கட்டணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் அவர்களே தருகிறார்கள். மொகாலியில் உள்ள சி-டாக் (இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) போன்றவற்றில் கணினிப் பயிற்சிகள் நடக்கின்றன. அரச ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், தனியார் துறையினரும் விண்ணப்பிக்கலாம். வயதும் வேலை அனுபவமும் பார்ப்பார்கள். அதனால் பாடசாலை முடித்த கையோடு இருக்கும் பிள்ளைகளுக்கு இது சரிவராது.

அவர்களுக்காகத்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்களை நிறுத்தச் சொல்லவில்லை. சான்றிதழைத் தருவது யார், பரீட்சைக் கட்டணம் சேர்ந்ததா, எந்த விசா என்ற மூன்றையும் விளம்பரத்திலேயே போட வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் விளம்பரக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியியலாளர் ஒருவர்,
வெள்ளவத்தை.