பழைய புல்லட் வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படங்களைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மொட்டைத் தலையில் அப்படியே உன் அம்மாவின் சாயல். இங்கே அனைவரும் நலம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. ஆடி கழிந்ததும் அங்கே குடிபோகிறான். நீ கேட்ட விஷயம் அவசரமானது என்பதால் மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். முன்பணம் கொடுப்பதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும்.

1986 மாடல் புல்லட் 350, சத்தம் கொஞ்சம் இருக்கிறது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விற்பவர் சொல்கிறார் என எழுதியிருக்கிறாய். அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்த வார்ப்பிரும்பு என்ஜினில் 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்குகிறது. வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்களைப் பற்சக்கரங்கள் சுழற்றுகின்றன, கேமின் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ்ராடு என்ற நீளக் கம்பிகள் வால்வுகளைத் தள்ளுகின்றன. 2009-இல் வந்த கிளாசிக் போன்ற புதிய என்ஜின்களில், கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவிலுள்ள டேப்பட் எண்ணெயின் அழுத்தத்தாலேயே தன் இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். இதில் அந்த வசதி கிடையாது. ஆகவே சலசலப்பு அதற்குப் பிறவிக்குணம். சத்தம் பெரிதா சிறிதா என்று பார்த்து முடிவுசெய்யாதே. எப்போது வருகிறது, எப்போது மறைகிறது, என்ன செய்தால் மாறுகிறது என்று கவனி. பணம் எதற்குப் போகும் என்பது அதில்தான் தெரியும்.

விடியற்காலையிலேயே போய்விடு. நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவை. போனதும் வேறு பேச்சுக்கு முன் சிலிண்டர் மேல் கையை வை. சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை உன் காதுக்கு மறைக்க விரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொள். ஒன்றும் பேசாமல் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பு. சில கோளாறுகள் குளிர்ந்த என்ஜினில் மட்டுமே கேட்கும், சில சூடேறிய பிறகே கேட்கும். இரண்டையும் கேட்காமல் விலை பேசக் கூடாது.

குளிர்ந்திருக்கும்போது சிலிண்டருக்குள் "டப டப" என்று தட்டி, ஐந்து பத்து நிமிடத்தில் சூடேறச் சூடேற அடங்கினால் பிஸ்டன் தளர்ந்திருக்கிறது. கூடவே நீலப் புகை தொடர்ந்து வந்தால் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) புது பிஸ்டன் ஏற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள். நாள்கணக்கில் நின்ற வண்டி முதல் கிக்கில் புகைவதை வைத்துப் பயந்துவிடாதே. எண்ணெய் டேங்கிலிருந்து எண்ணெய் மெல்ல, கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். ஓடினால் தெளிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது, அதுதான் பெரிய செலவு. தொடக்கத்தில் கேட்காது. சூடேறி எண்ணெய் இளகிய பிறகு கீழே கிராங்க் அறையிலிருந்து "டொக், டொக்" என்று கனமாக வரும். ராடு அடிக்கிறது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை தேய்ந்திருக்கிறது. நிறுத்தி வைத்து முறுக்கினால் தெளிவாகத் தெரியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் கியரில் 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திற, பிறகு மூடு. சுமை ஏறும் அந்தக் கணத்திலும் விடும் கணத்திலும் அடி கேட்டால், என்ஜினை இறக்கிக் கிராங்கைப் பிரிக்காமல் தீராது. வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த வேலைக்கான பணத்தைக் கையில் தனியாக வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆனால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதே. கிராங்கின் இடப்பக்க முனையில் உட்கார்ந்திருக்கும் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டார் தளர்ந்திருந்தாலும் ஏறக்குறைய அதே "டொக்" கேட்கும். நல்ல என்ஜினை அநியாயமாகப் பிரித்துப் போட்ட கதைகள் இதனால் நடந்திருக்கின்றன. நீளமான திருப்புளி ஒன்றை எடுத்துப்போ. அதன் பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, முனையை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேள். முதலில் இடப்பக்கச் செயின் மூடி, பிறகு கேம் பற்சக்கரங்களை மூடியிருக்கும் வலப்பக்க டைமிங் மூடி, பிறகு சிலிண்டரின் அடி, கடைசியாகச் சிலிண்டரின் தலை. எங்கே வைத்தால் சத்தம் கூர்மையாகிறதோ அங்கேதான் வேலை. இடப்பக்கத்தில் கேட்கும் "சளசள" கிளட்சை அழுத்தியதும் மாறினால் கிளட்சோ என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினோதான் காரணம். அது ஒரு நாள் வேலை.

டேப்பட் சத்தத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சரியாக வைத்த டேப்பட் தையல் மெஷின் போல ஒரே சீராக "டிக் டிக்" என்று கேட்க வேண்டும். விற்பவர்கள் சிலர் வாங்க வருபவரின் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதை இறுக்கிவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிடும், ஆனால் வால்வு முழுதாக மூடாமல் சூடான வாயு கசிந்து விளிம்பு கருகத் தொடங்கும். ஆகவே வயதான புல்லட் டேப்பட் சத்தமே இல்லாமல் ஓடினால் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் இருக்கும் சிறிய மூடியைக் கழற்றச் சொல். என்ஜின் குளிர்ந்து, இரு வால்வும் மூடிப் பிஸ்டன் கம்ப்ரெஷனில் மேலே நிற்கும்போது, புஷ்ராடு இரண்டையும் இரு விரலால் உருட்டிப் பார். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. உருளவே மறுத்தால் இறுக்கி வைத்திருக்கிறார்கள். ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு கிக்கரை மெல்ல மிதித்துப் பார். கம்ப்ரெஷன் காலைத் தாங்காமல் நழுவினால் வால்வு அடிபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

டேப்பட் போலவே ஒலிக்கும் இன்னொன்று, புகைக்குழாய் தலையோடு சேரும் இடத்துக் கசிவு. அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அதுதான். அதற்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றத்தில் முறுக்கும்போது மட்டும் "கணகண" என்று கேட்டால், பெரும்பாலும் தீப்பொறி விழும் நேரம் (இக்னிஷன் டைமிங்) முன்னால் போயிருக்கும். முதல் மூன்று கியரிலும் முனகிவிட்டு நான்காவதில் அமைதியானால் என்ஜினைக் குறை சொல்லாதே. அந்தக் கியர்பாக்ஸில் நான்காவது கியர் நேரடி ஓட்டம் என்பதால் பற்சக்கரங்கள்மீது சுமை இருக்காது.

சைலன்சரையும் பார். வெடிச்சத்தம் போடும் வெளிச்சந்தைச் சைலன்சர் மாட்டியிருந்தால், பழையதை மாட்டிக் காட்டச் சொல். அந்த முழக்கத்துக்குள் எந்த அடியும் கேட்காது. ஸ்லோவை, அதாவது நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகத்தை, மிகவும் குறைத்து "டப்... டப்..." என்று நிறுத்தி நிறுத்தி அடிக்க வைத்திருந்தாலும் எனக்குப் பிடிக்காது. எண்ணெய்ப் பம்ப் என்ஜின் வேகத்துக்குத் தக்கபடிதான் வேலை செய்யும். அந்தத் தாளத்தின் அழகுக்குக் கிராங்க் எண்ணெயில்லாமல் தேய்கிறது. இத்தனை பேர் அதை ரசிக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கடைசியாக எண்ணெய். அடியிலுள்ள போல்ட்டைத் திறந்து கொஞ்சம் வடிக்கச் சொல். இரு விரலுக்கு நடுவே தேய்த்து வெயிலில் பிடி. கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே உலோகம் கரைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தை மட்டும் நம்பாதே, வெண்கலத்தூளும் ஈயத்தூளும் அதில் ஒட்டாது. 20 டபிள்யூ 50 தர எண்ணெய் என்று சொல்லிவிட்டுக் கூழ் போலக் கெட்டியான எதையாவது ஊற்றியிருந்தால், சத்தத்தை அமுக்கத்தான் அப்படிச் செய்திருப்பார்கள்.

ஆர்.சி. புத்தகத்தை மறந்துவிடாதே. 15 ஆண்டு கடந்த வண்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். அதிலுள்ள என்ஜின் நம்பரை வண்டியோடு உன் கண்ணாலேயே ஒத்துப்பார்.

என்னைக் கேட்டால், டேப்பட்டும் செயினும் சலசலக்கிற, ஆனால் சூட்டிலும் கீழே அமைதியாக இருக்கிற வண்டியைத் தயங்காமல் வாங்கு. திருவொற்றியூரில் பிறந்த அந்த என்ஜினுக்குப் பாகங்களும் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

வண்டியைப் பார்த்த அன்றே எழுது. மூன்றாம் கியரில் என்ன கேட்டது, எண்ணெய் விரலில் எப்படி இருந்தது என்பதை விடாமல் எழுது. ஆவணியில் சின்னவனை ஓசூரில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் வரலாம் என்றிருக்கிறேன். அதுவரை பேரம் முடியாமல் இருந்தால் நானே வந்து கேட்டுச் சொல்கிறேன். தங்கையையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்