வல்லாரையும் கணுக்காலும்

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாலையானால் கணுக்கால் வீங்குவதையும் தோலுக்கடியில் நீல நரம்புகள் சிலந்திவலை போலத் தெரிவதையும் எழுதி, வல்லாரைப் பொடி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எனக்கும் அதே தொல்லை இருப்பதால், அறிந்ததை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் வல்லாரை என்றாலே ஞாபக சக்திதான். ஆனால் அதிலுள்ள ஏசியாட்டிகோசைடு போன்ற சத்துகள், இரத்தக் குழாய்ச் சுவரைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாகத் துணைபுரிவதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. தந்துகி என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாயின் சுவர் ஒரே அடுக்குச் செல்லால் ஆனது. அதற்குள் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடலை வளைத்துக்கொண்டுதான் நுழைகின்றன. காலின் இரத்தம் மேலேற முடியாமல் தேங்கினால், அழுத்தம் கூடி அந்தச் சுவர் வழியே நீர் கசிந்து வீக்கமாகிறது. வல்லாரைச் சாரத்தைக் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் வீக்கம் ஓரளவு குறைந்திருக்கிறது. அது செறிவூட்டிய சாரம். நம் துவையல் அல்ல என்பதையும் மறக்காதே.

பொடி வேண்டாம். பிராமி என்ற பெயரில் வல்லாரையும் விற்கிறார்கள், நீர்ப்பிரமி என்ற வேறு செடியையும் விற்கிறார்கள்; பொடியில் எது என்று தெரியாது. கீரையாகவே வாங்கு, அதிலும் காம்பைப் பார். வல்லாரைக்கு இலையின் பிளவில் காம்பு சேரும். குடைக்கம்பு போல நடுவில் சேர்ந்திருந்தால் அது வேறு செடி. நான் வாரம் இருமுறை உளுத்தம்பருப்பும் தேங்காயும் வதக்கிச் சேர்த்து அரைக்கிறேன். புளி கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு, எலுமிச்சை பிழிந்துகொள்கிறேன்.

நெல்லிக்காயையும் விடாதே. வைட்டமின் சி அடியோடு குறைந்தால் கொலாஜன் உறுதியிழந்து ஈறுகளில் இரத்தம் கசியும். எலுமிச்சையில் தந்துகிகளைக் காக்கும் வேறொரு பொருளும் உண்டென்று 1936இல் ஹங்கேரி விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி அதற்கு 'வைட்டமின் பி' என்று (நாம் அறிந்த பி அல்ல, பெங்குவினில் வரும் பி) பெயரிட்டார். பெயர் நிலைக்கவில்லை, ஃபிளேவனாய்டு என்று இன்று அழைக்கப்படும் அந்த வகைப் பொருள்களின் ஆராய்ச்சி மட்டும் தொடர்கிறது.

எனக்கு வீக்கம் குறைந்தது உண்மை. ஆனால் அதே மாதத்தில்தான் காலை நடையையும், படுக்கையில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதையும் தொடங்கினேன். எதற்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாய். ஆகையால் கீரைக்கு மேல் எந்தச் சாரத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதே. வல்லாரை மருந்து உட்கொண்ட சிலருக்கு அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போ.

அடுத்த வாரம் தம்பி அங்கு வரும்போது வேரோடு நான்கு கொடி கொடுத்தனுப்புகிறேன். துவைக்கும் கல்லருகே ஈரமண்ணில் ஊன்றிவை.

அன்புடன்,
முருகேசன்