ஐயாவின் ஹைலக்ஸ்

உப்புவெளி,
ஞாயிறு இரவு.

மச்சான்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். கட்டையன் கடையைப் பெருப்பித்துவிட்டான். பத்திரகாளி கோயில் திருவிழாவுக்கு இந்த முறையும் நீ வரவில்லை என்று பெரியக்கா எல்லோரிடமும் சொல்லித் திரிந்தா. அவவுக்கு ஒரு கோல் எடு, புண்ணியமாய்ப் போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஐயாவின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை விலைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. ஒரே மாதத்தில் இரண்டு பேர். 2011 இல் ஐயா அதை எனக்குத் தந்தபோது காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "எப்பவாவது விக்கிறதெண்டா அவனிட்ட ஒருக்கா கேட்டிட்டு வில்" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

முதலில் வந்தவர் கொழும்புக்காரர். ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனுசன் முற்றத்தில் சாக்கை விரித்து வாகனத்துக்குக் கீழே படுத்தார். கையில் சின்னச் சுத்தியல். முன் பம்பரில் தொடங்கிச் சேசி என்கிற அடிச்சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே பின்னுக்குப் போனார். நான் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டேன். டங், டங், டங் என்று கோயில் மணி மாதிரி. பின் சில்லுக்கு மேலே, ஸ்பிரிங் பட்டை கொழுவியிருக்கிற இடத்தில் மட்டும் டொக் என்றது. திரும்பத் தட்டினார். டொக். நகத்தால் சுரண்டினார், கறல் ஓடு ஓடாக உதிர்ந்து அவருடைய சட்டையில் விழுந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் கறல் எந்த உப்பால் வந்தது என்று உனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, சுனாமி. நிலாவெளி றோட்டில் தண்ணீர் நின்றபடி நிற்க, ஐயா அதற்குள்ளேயே விட்டு ஆட்களை ஏற்றி ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கினாரே. பின் தட்டில் நீயும் நானும் பிடித்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் வாகனத்தைக் கழுவ ஒருவருக்கும் நினைப்பே வரவில்லை. கடல் தண்ணீர் அந்த மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே எத்தனை தரம் பெயின்ற் அடித்தும் உள்ளுக்குள் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. கொழும்புக்காரர் 48 இலட்சம் என்று வந்தவர், அந்த டொக் சத்தத்தோடு 44 க்கு இறங்கினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் எஞ்சினைக் கேட்டதும் அந்த மெக்கானிக்கின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வாகனம். சாவியைத் திருப்பி, மஞ்சள் லைட் அணையும் வரை பொறுத்து, ஸ்டார்ட் பண்ணினேன். ஒரு உதறல், அவ்வளவுதான். பிறகு அதே பழைய தாளம். மனுசன் பெனட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "மூண்டு எல் எஞ்சின் அண்ணை, இதைக் கழற்றிப் போடாதவன் கொடுத்துவைச்சவன்" என்றார்.

3L என்பது அந்த எஞ்சினுக்கு டொயோட்டா வைத்த பெயர். 2779 சீசீ, நாலு சிலிண்டர், டர்போ கிடையாது. வேகத்தைக் கேட்டால் தொண்ணூறு குதிரைவலுதான், கந்தளாய் தாண்டி பஸ்காரர் பின்னால் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி விடவேண்டியதுதான். ஆனால் அதற்குள் கொம்பியூட்டர் என்று ஒரு சாமான் இல்லை. டீசல் பம்ப் முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும். 2005 க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ்களில் கொம்பியூட்டர் பார்த்து டீசலைப் பீச்சுகிற கொமன் ரெயில் வந்துவிட்டது. ஓட நல்லாய்த்தான் இருக்கும், டீசலும் குறையக் குடிக்கும். ஆனால் ஊத்தை டீசல் ஒரு தரம் உள்ளே போனால் இன்ஜெக்டருக்குத் தனிச் செலவு. 2022 இல் டீசலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தோமே, கியூஆர் பங்கீடு வருவதற்கு முன்னம். அப்போது எங்கோ பீப்பாயில் கிடந்த டீசலைத்தான் ஊற்றினேன். வாகனம் மூச்சு வாங்கியது. இறங்கி, பில்டருக்குக் கீழே இருக்கிற குமிழைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மேலே உள்ள கைப்பம்பை இருபது தரம் அமத்தினேன். எழும்பி ஓடியது. அன்றைக்கு அந்தப் பம்பைக் கும்பிட்டேன்.

முன்பக்கமும் ஒன்றுதான், முழு அச்சு, கீழே பட்டை ஸ்பிரிங். 1997 க்குப் பிறகு வந்த பலவற்றில் முன் சில்லு இரண்டும் டோர்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பியில் தனித்தனியாக ஆடும். சொகுசு. எங்களுடையதில் இடுப்பு நோகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீன் பெட்டியும் ஐஸும் ஒரு தொன் மட்டில் ஏற்றிக்கொண்டு குச்சவெளி மணலில் இறங்கும்போதுதான் அந்த அச்சின் அருமை தெரியும். இறங்கி முன் சில்லு இரண்டிலும் லொக்கைக் கையால் திருப்பிவிட்டு, சின்னக் கியரை இழுத்து, நாலு சில்லும் மெதுவாய் இழுக்கிற எல்4 இல் போட்டால், எருமை சேற்றில் நடக்கிற மாதிரி ஆறுதலாக ஏறி வரும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கும் வரை பாதைப் படகில் ஏற்றி இறக்கினோமே, மழையில் துறையடி வழுக்கும்போது எத்தனை வான்காரர் எங்களிடம் கயிறு கேட்டார்கள்! நீ அப்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வாய். நீ றிவேர்ஸில் போய்ச் சரித்த மதில் இன்னும் சரிந்தபடிதான் நிற்கிறது, ஐயா கட்டவே விடவில்லை.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். டைமிங் பெல்ட்டை இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மாற்றியே தீரவேண்டும், மீற்றரில் லைட் எரியும் வரை காத்திருப்பது புத்தியில்லை. அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து எல்லாம் நாசம். றேடியேற்றரில் தண்ணீர் குறைந்து ஒரு தரம் சூடேறினால் ஹெட் வெடிக்கும். ஓல்டனேற்றருக்குப் பின்னால்தான் பிரேக்குக்கான வெற்றிடப் பம்ப் இருக்கிறது, அது போனால் பிரேக்கை அமத்தக் கால் போதாது. எல்லாம் பார்த்துச் செய்திருக்கிறேன். கொப்பியில் திகதி போட்டு எழுதியும் வைத்திருக்கிறேன், ஐயாவின் கையெழுத்துக்குக் கீழே என்னுடையது தொடர்கிறது.

விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று நீ கேட்பாய். நான் ஐயாவுக்குக் கொடுத்தது 15 இலட்சம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், இருந்த வாகனம்தான் நாட்டுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் புது டபுள் கெப் ஒன்று கோடிக்கணக்கில் நிற்கிறது. அதனால் 1994 ஆம் ஆண்டு வாகனத்துக்கு ஆள் கொழும்பில் இருந்து வருகிறது. இந்தக் கொழும்பு ஆள் சேசியை ஒட்டி, உடம்பைப் புதிதாக அடித்து, பெரிய டயர் போட்டு, சனி ஞாயிறில் காட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாராம். நல்ல மனுசன். வாகனத்தை நேசிக்கிறவர்தான்.

இரண்டாவது ஆள் குச்சவெளித் தம்பி. மீன் ஏற்றுகிறவன், உனக்குத் தகப்பனைத் தெரியும், வாடியில் எங்களுக்குப் பிளேன்ரீ தருவாரே அவர். வந்து வாகனத்தைச் சுற்றி நடந்தான், டயரில் உதைக்கவில்லை, ஒன்றும் பேசவில்லை. பின் கதவைத் திறந்து தட்டில் படிந்திருந்த மீன் செதிளைத் தடவிப் பார்த்தான். "35 தாறன் அண்ணை. 20 இப்ப, மிச்சம் சோளகக் காத்து முடியிறதுக்குள்ள." தன்னுடைய வாடகை லொறிக்கு நாளாந்தம் கொடுக்கிற காசையும் சொன்னான். கேட்கப் பாவமாக இருந்தது. அந்தக் கறல் இடத்தை நானே காட்டினேன். "ஒட்டலாம் அண்ணை, மச்சான்ர கராச் இருக்கு" என்றான், விலையைக் குறைக்கவில்லை.

வீட்டில் இவள் 44 ஐத்தான் எடுக்கச் சொல்கிறாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. சின்னவளுக்குக் கொழும்பில் படிப்பு, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அறை வாடகை தனி. ஒன்பது இலட்சம் என்றால் எங்களுக்குச் சின்னக் காசு இல்லை மச்சான். நேற்றும் இதைப்பற்றிக் கதைத்து, கடைசியில் இரண்டு பேரும் பேசாமல் படுத்துவிட்டோம்.

என் மனது தம்பியின் பக்கம்தான் நிற்கிறது, உனக்கு ஏன் ஒளிக்க வேண்டும். அந்த வாகனம் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிக் கரைக்குப் போய்ப் பழகினது. ஐயா அதை வைத்துத்தான் உங்கள் மூன்று பேரையும் படிப்பித்தார், உன் ரிக்கெற்றுக் காசும் அந்தத் தட்டில் இருந்து வந்ததுதான். அதே வேலைக்கு அது இன்னொரு பத்து வருடம் போகும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இதை நான் தனியே முடிவெடுத்தால், ஐயா கேட்டதை மீறினதாய்ப் போகும். நீ கொழும்பு ஆளுக்குக் கொடு என்று சொன்னால் கொடுத்துவிடுவேன், ஒரு கதை கதைக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். வியாழன் இரவு, எங்கள் நேரம் ஒன்பது மணிக்கு எடு. நான் வாகனத்துக்குள்தான் இருப்பேன். ஸ்டார்ட் பண்ணி ஃபோனை பெனட்டில் வைக்கிறேன், சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொல்.

உன்
மச்சான்