எழுதக் கற்றுக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படம் ஒன்றைக் கொடுத்து, 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று கேட்பது மாணவரின் சொந்தச் சிந்தனைக்கு இடம் தருவதற்காகவே. ஆனால், எந்தப் படம் வந்தாலும் பொருந்தக்கூடிய பொதுவான வரிகளை வழிகாட்டி நூல்களிலிருந்து மனப்பாடம் செய்யவே எங்களில் பலர் பழக்கப்படுத்தப்படுகிறோம் என்பது மிகுந்த வருத்தம் அளிக்கிறது. திருத்திய தாளில் சந்திப்பிழைகள் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டிருக்கும். ஒரு பத்தி ஏன் வலுவிழந்தது என்ற குறிப்பு இருப்பதில்லை. (மாணவர் நிறைந்த வகுப்பில் ஆசிரியரை மட்டும் குறைகூறுவதும் நியாயமன்று.) எழுதியதைப் பற்றிக் கருத்துக் கேட்டு, திருத்தி, மீண்டும் எழுத வாரம் ஒரு பாடவேளையேனும் ஒதுக்கி, ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள, பாடம் நடக்கும்போதே மாணவரின் வளர்ச்சியை அறியும் வளரறி மதிப்பீட்டில் அந்த இரண்டாம் வரைவுக்கே மதிப்பெண் வழங்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி,
திருநெல்வேலி