உடல் வெறும் கூடு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மரணத்துக்குப் பின் என்ன என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். பல மதங்களையும் மரியாதையோடு எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கிறிஸ்தவர்களிடம் வந்ததும், உடல் மண்ணுக்கு, ஆத்துமா மோட்சத்துக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது பாதிதான். விட்டுப்போன பாதிதான் எனக்கு முக்கியம்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று உறவினர் ஒருவர் என் தோளைத் தொட்டு, "அழாதே, இது வெறும் கூடு. ஆள் எப்பவோ போயாச்சு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். நான் பெட்டியில் இருந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனி. அது கூடா? அந்த விரல்தானே எனக்கு அம்மா!

உடலைச் சிறை என்றும் சாவை விடுதலை என்றும் எழுதிவைத்தவர் கிரேக்க ஞானி பிளேட்டோ. எங்கள் வேதமான பைபிள் அப்படித் தொடங்கவில்லை. மண்ணால் செய்த மனிதனுக்குள் கடவுள் சுவாசத்தை ஊதியதும் அவன் 'ஜீவாத்துமாவானான்' என்கிறது அதன் முதல் புத்தகமான ஆதியாகமம். ஆத்துமா அவனுக்குள் குடியேறியது என்றில்லை, அவனே ஆத்துமா ஆனான். எங்கள் நம்பிக்கையின் சுருக்கமாக ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் நாங்கள் அறிக்கையிடுவது 'சரீரம் உயிர்த்தெழுதல்' என்றுதான்.

சரி, சாவுக்கும் சரீரம் உயிர்த்தெழும் அந்த நாளுக்கும் நடுவில்? இதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. கத்தோலிக்கர், மோட்சத்துக்கு முன் ஆத்துமா சுத்தமாகும் உத்தரிக்கும் ஸ்தலத்தைச் சொல்வார்கள். அட்வென்டிஸ்டு சபையார், செத்தவர்களுக்கு அதுவரை நினைவில்லாத நித்திரைதான் என்பார்கள். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் பெரும்பாலோர் ஆத்துமா உடனே கிறிஸ்துவிடம் போகிறது என்பார்கள். தம் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு 'இன்றைக்கு என்னோடு பரதீசில் இருப்பாய்' என்றுதானே வாக்குக் கொடுத்தார். ஆனால் மோட்சம் போனதோடு கதை முடிந்தது என்று இவர்களில் யாரும் சொல்வதில்லை. எல்லாருமே உயிர்த்தெழுதலுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

உயிர்த்த இயேசு சீஷர்களிடம் ஆவியாக வரவில்லை. கையையும் காலையும் காட்டினார், பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டார். ஆணித் தழும்புகூட அப்படியே இருந்தது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் விரல் ஞாபகம் வரும்.

அப்புறம், அந்த 'அழாதே'. செத்துப்போன நண்பன் லாசருவைக் கொஞ்ச நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். கட்டுரையாளர் மறுபடி இதைப் பற்றி எழுதினால், அந்த ஒரு வரியில் சரீரத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி